ஏழு டிகிரி நீரில் ஜெர்மன் போர்க்கப்பல்கள்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: வெதுவெதுப்பான கடல்களில் நாற்பது முறை முக்குளித்திருக்கிறேன். ஸ்காட்லாந்தின் ஸ்காபா ஃப்ளோவில் மூழ்கிக் கிடக்கும் முதல் உலகப்போர் கப்பல்களைப் பார்க்க ஆசை. என்னிடம் 7 மி.மீ. வெட்சூட் (நீர் உள்ளே புகும் ரப்பர் உடை) இருக்கிறது. போதுமா?

பதில்: போதாது. ஆர்க்னி தீவுகள் சூழ்ந்த அந்த விரிகுடாவில் வசந்தகாலத் தொடக்கத்தில் நீரின் வெப்பம் 6, 7 டிகிரிதான். கோடை முடியும்போதும் 13, 14ஐத் தாண்டுவது அரிது. வெட்சூட்டில் குளிரைத் தடுப்பது ரப்பருக்குள் அடைபட்டிருக்கும் வாயுக்குமிழிகள். 30 மீட்டரில் அழுத்தம் நான்கு மடங்காகிவிடும். குமிழிகள் நசுங்கி உடை மெலிந்துபோகும். காப்பு அதிகம் தேவைப்படும் ஆழத்தில்தான் அது உங்களைக் கைவிடுகிறது.

நீர் புகாத, உள்ளே காற்று விட்டுக்கொள்ளும் உடையான டிரைசூட் வேண்டும், அதற்கான பயிற்சியும் வேண்டும். பயிற்சி முடிந்ததும் நேராகக் கப்பலுக்குப் போகாதீர்கள். 10 மீட்டருக்குள் பத்து முறையாவது அந்த உடையோடு இறங்கிப் பழகுங்கள். உள்ளே பருத்தி பனியன் கூடாது. பருத்தி வியர்வையைப் பிடித்துவைத்துக்கொள்ளும், ஈரம் உடம்புச் சூட்டை இழுத்துவிடும். கம்பளி அல்லது செயற்கை இழையில் ஒரு மெல்லிய அடுக்கு, அதன்மேல் தடித்த உள்ளுடை என்று போடுங்கள். கையுறை போட்ட கையால் கொக்கியைத் திறப்பது, வழிக்கயிற்று ரீலைச் சுற்றுவது, சிலிண்டர் வால்வை மூடுவது ஆகியவற்றைக் கரையிலேயே பழகிவிடுங்கள். 20 நிமிடத்தில் விரல் மரத்துப்போகும். அதன்பிறகு கற்க முடியாது.

கேள்வி: டிரைசூட்டில் கால் மட்டும் மேலே தூக்கிக்கொண்டு தலைகீழாகிவிடுகிறது. என்ன தவறு?

பதில்: பெரும்பாலும் இடுப்பு ஈய எடையைக் கூடுதலாகக் கட்டியிருப்பீர்கள். எடை கூடினால் அதைச் சமன்செய்ய உடைக்குள் கூடுதல் காற்று விடுவீர்கள், அந்தக் காற்று காலுக்கு ஓடும். சிலிண்டரில் 50 பார் (கடல்மட்டக் காற்றழுத்தம் ஏறத்தாழ 1 பார்) இருக்கும்போது 5 மீட்டரில், உடை உடம்பை இறுக்காத அளவு மட்டும் காற்றோடு, ஏறாமலும் இறங்காமலும் நிற்க முடிகிறதா என்று பாருங்கள். அதுதான் சரியான எடை. பூட்ஸ் தொளதொளவென்று இருந்தாலும் இதே தொல்லை வரும். தலைகீழாகிவிட்டால் உடனே முழங்காலை மார்போடு மடக்கி முன்பக்கமாக உருளுங்கள். கால் கீழே வந்ததும் இடது தோளை உயர்த்தி, கையில் உள்ள வால்வு வழியாகக் காற்றை விடுங்கள். வால்வு உடம்பின் உச்சியில் இல்லாவிட்டால் காற்று வெளியேறாது.

கேள்வி: குளிர்நீரில் ரெகுலேட்டர் (சிலிண்டர் காற்றின் அழுத்தத்தைக் குறைத்து மூச்சுக்குத் தரும் கருவி) தானாகவே காற்றைக் கொட்ட ஆரம்பித்துவிடும் என்கிறார்களே, ஏன்?

பதில்: சிலிண்டரில் 200 பாரில் இருக்கும் வாயு, ரெகுலேட்டரின் முதல் நிலையில் (சிலிண்டரோடு பொருத்தும் பகுதி) சுற்றுநீரின் அழுத்தத்தைவிட ஏறத்தாழ 10 பார் மட்டுமே கூடுதலான அளவுக்கு ஒரே தாவலில் இறங்குகிறது. வேகமாக விரியும் வாயு சில்லிட்டு உறைநிலைக்குக் கீழே போய்விடும். வெதுவெதுப்பான கடலில் சுற்றியுள்ள நீரே ரெகுலேட்டருக்குச் சூடு கொடுத்துவிடும். 5 டிகிரி நீரிடம் கொடுக்க அவ்வளவு சூடு கிடையாது. ஸ்பிரிங்கைச் சுற்றியுள்ள நீர் உறைந்து வால்வு திறந்தபடியே மாட்டிக்கொள்கிறது. இரண்டாம் நிலையில் (வாயில் வைக்கும் பகுதி) உங்கள் மூச்சின் ஈரம் உறைந்தாலும் இதே கதிதான்.

முதல் நிலையின் உடலைப் பாருங்கள். ஈ.என். 250 என்ற ஐரோப்பியத் தர எண்ணோடு '>10' என்று பொறித்திருந்தால் அது 10 டிகிரிக்கு மேற்பட்ட நீருக்கு மட்டுமே. ஸ்பிரிங் அறைக்குள் நீர் புகாதபடி அடைத்த வகையை வாங்குங்கள். படகில், குளிர்காற்றில் நின்றுகொண்டு ரெகுலேட்டரில் மூச்சிழுத்துப் பார்க்காதீர்கள். டிரைசூட்டில் காற்று விடும் அதே நொடியில் மூச்சையும் இழுக்காதீர்கள். பொத்தானை நீளமாக அழுத்தாமல் விட்டுவிட்டுத் தட்டுங்கள்.

அப்படியும் கொட்டினால், இரட்டைச் சிலிண்டர் வைத்திருப்பவர் மாற்று ரெகுலேட்டருக்கு மாறி, கொட்டும் பக்கத்து வால்வை மூடவேண்டும். வாயு ஓடுவது நின்றதும் பனி கரைந்துவிடும். ஒற்றைச் சிலிண்டர்காரருக்கு மூட வழியில்லை. துணையின் காற்றுக்கு மாறி மேலே வரவேண்டியதுதான்.

கேள்வி: ஒற்றை 12 லிட்டர் சிலிண்டர் போதாதா? கணக்கில் சரியாகத்தானே வருகிறது?

பதில்: காகிதத்தில் வரும். 30 மீட்டரில் அழுத்தம் 4 பார், காற்றும் நான்கு மடங்கு செலவாகும். நிமிடத்துக்கு 20 லிட்டர் சுவாசம், 20 நிமிடம் என்றால் 1600 லிட்டர். துணையின் காற்று தீர்ந்து இருவரும் ஒரே சிலிண்டரில் ஏறவேண்டிய நிலைக்கு, பதற்றத்தில் ஆளுக்கு 30 லிட்டர் வீதம்: அடியில் ஒரு நிமிடத்துக்கு 240, மூன்றரை நிமிட ஏற்றத்துக்கு 525, 5 மீட்டரில் மூன்று நிமிட நிறுத்தத்துக்கு 270. மொத்தம் 2635 லிட்டர். சிலிண்டரில் 230 பார் இருந்தால் 2760. மிச்சம் 125 லிட்டர்.

ஆனால் நிரப்பிய சூட்டில் 25 டிகிரியில் 230 பார் காட்டிய சிலிண்டர், 8 டிகிரி நீருக்குள் போனதும் 217 பார்தான் காட்டும். இங்கேயே அந்த மிச்சம் கரைந்துவிட்டது. குளிரில் சுவாசம் 25 லிட்டருக்கு ஏறினால் இன்னும் 400 லிட்டர் போகும். டிரைசூட்டுக்கு விடும் காற்றை நான் சேர்க்கவே இல்லை. அதனால்தான் அங்கே இரட்டை 12 லிட்டர் சிலிண்டர் என்று வற்புறுத்துகிறேன்.

நைட்ராக்ஸ் (ஆக்சிஜன் கூட்டிய காற்று) எடுப்பவர்கள் ஆழத்தைக் கவனியுங்கள். ஆக்சிஜன் பகுதியழுத்தம் (மொத்த அழுத்தத்தில் ஆக்சிஜனின் பங்கு) 1.4 பார் என்று வைத்தால் 32 சதவீதக் கலவையின் எல்லை 33 மீட்டர். 28 சதவீதத்துக்கு 40 மீட்டர்.

கேள்வி: எத்தனை கப்பல்கள் மிச்சம்? உள்ளே போகலாமா?

பதில்: 1918 போர்நிறுத்தத்துக்குப் பின் 74 ஜெர்மன் கப்பல்கள் அங்கே சிறைவைக்கப்பட்டன. 1919 ஜூன் 21 அன்று தளபதி லுட்விக் ஃபான் ராய்ட்டர் உத்தரவிட, மாலுமிகளே அடிவால்வுகளைத் திறந்து 52 கப்பல்களை மூழ்கடித்தார்கள். பெரும்பாலானவை பின்னர் உலோகத்துக்காகத் தூக்கப்பட்டன. இன்று முக்கியமாக ஏழு: கோனிக், க்ரோன்பிரின்ஸ் வில்ஹெல்ம், மார்க்கிராஃப் என்ற மூன்று பெரும் போர்க்கப்பல்கள், டிரெஸ்டன், கோல்ன், ப்ரூம்மர், கார்ல்ஸ்ரூஹ என்ற நான்கு குரூசர்கள் (அவற்றைவிடச் சிறிய போர்க்கப்பல்கள்). கார்ல்ஸ்ரூஹ 25 மீட்டரையொட்டிக் கிடக்கிறது. முதலில் அதில் தொடங்குங்கள். மார்க்கிராஃப் 45 மீட்டர். அனுபவமும் அதற்குரிய பயிற்சியும் உள்ளவர்களுக்கு மட்டும்.

பெரும் போர்க்கப்பல்களின் மேல்தளத்தில் ஐந்து இரட்டைப் பீரங்கிக் கோபுரங்கள் இருந்தன. நீர் புகுந்ததும் அந்த மேல்பாரமே அவற்றைக் கவிழ்த்துவிட்டது. எனவே மேலிருந்து பார்த்தால் அடிவயிறுதான் தெரியும், பார்க்கவேண்டியது விளிம்புக்குக் கீழே. மார்க்கிராஃபின் பக்கவாட்டு 15 செ.மீ. பீரங்கியின் குழாய், வெள்ளைக் கடல்சாமந்திகள் அப்பிய கவசத்திலிருந்து நீட்டிக்கொண்டு நிற்கும். விளக்கை நேராக அடிக்காமல் ஓரமாகச் சாய்த்துப் பிடியுங்கள். குழாயின் உருண்டை வடிவம் அப்போதுதான் பிரிந்து தெரியும்.

உள்ளே போவது தனிப் பயிற்சி. கவிழ்ந்த கப்பலில் தரை கூரையாகவும் கூரை தரையாகவும் இருக்கும்; படிக்கட்டு தலைக்குமேல் தொங்கும். நீங்கள் விடும் குமிழிகளே மேலே மோதித் துருவை உதிர்க்கும். கால்துடுப்பை ஒருமுறை தவறாக அசைத்தாலும் வண்டல் கிளம்பி விளக்கு வெளிச்சம் கைக்கெட்டும் தூரத்தில் நின்றுவிடும். வாசலுக்கு வெளியிலிருந்தே கட்டிய வழிக்கயிறும் ஆளுக்கு மூன்று விளக்குகளும் இல்லாமல் ஒரு கதவைக்கூடத் தாண்டாதீர்கள். தகடுகள் ஆண்டுக்காண்டு சரிகின்றன, போன ஆண்டின் வழி இந்த ஆண்டு திறந்திருக்கும் என்ற நிச்சயமில்லை.

கேள்வி: சின்னதாக ஒரு நினைவுப்பொருள் எடுத்து வரலாமா? ராயல் ஓக் கப்பலையும் பார்க்க முடியுமா?

பதில்: இரண்டுக்குமே முடியாது என்பதே பதில். அந்த ஏழு ஜெர்மன் கப்பல்களும் சட்டப்படி பாதுகாக்கப்பட்டவை. ஒரு போல்ட்டைக்கூடத் தொட்டெடுக்கக் கூடாது. 1939 அக்டோபர் 14 அன்று யூ-47 நீர்மூழ்கி தாக்கியதில் எண்ணூறுக்கும் மேற்பட்டோரோடு மூழ்கிய ராயல் ஓக், 1917இல் வெடித்துச் சிதறிய வான்கார்டு ஆகிய பிரிட்டிஷ் கப்பல்கள் போர்க்கல்லறைகள். 1986ஆம் ஆண்டின் இராணுவ எச்சங்கள் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ், அனுமதியின்றி அங்கே முக்குளிப்பதே குற்றம்.

கேள்வி: மின்சூட்டு உள்ளாடை வாங்கலாமா? மேலே வந்ததும் வெந்நீரில் குளிக்கலாமா?

பதில்: வாங்கலாம், ஆனால் இறங்கியதும் முழுச்சூட்டில் வைக்காதீர்கள். அடியில் உடம்பு சூடாக இருந்தால் நைட்ரஜன் அதிகம் சேரும். ஏறும்போது பேட்டரி தீர்ந்து குளிர்ந்துவிட்டால் அது வெளியேறுவது மெதுவாகி, உடம்புக்குள் வாயுக்குமிழி உண்டாகும் அழுத்தநீக்க நோய்க்கு வழிவிடும். அடியில் குறைவாக வைத்து, ஏற்றத்திலும் நிறுத்தங்களிலும் கூட்டுங்கள். வெந்நீர்க் குளியலைச் சற்றுத் தள்ளிப்போடுங்கள். உடனே சூடாக்கினால் திசுக்களில் கரைந்திருக்கும் வாயு குமிழியாகலாம். உலர்ந்த உடை, தொப்பி, ஒரு கோப்பை சூடான பானம் அதுவரை போதும்.