பழைய போர்ஷே வாங்கலாமா? வடசென்னைக் கேள்விகளுக்குப் பதில்

ராயபுரத்தில் 2008 மாடல் போர்ஷே பாக்ஸ்டர் (துணிக்கூரை மடங்குகிற இரண்டு சீட் ஸ்போர்ட்ஸ் கார்) ஒன்றை ஒன்பது வருடமாக வைத்துக்கொண்டு மாரடிக்கிறேன். ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

தண்டையார்பேட்டையிலிருந்து: அண்ணே, 2007 பாக்ஸ்டர் ஒன்று புது செடான் விலைக்குக் கிடைக்கிறது. வாங்கிடலாமா?

விலை இறங்கியது வண்டிக்குத்தான் தம்பி, ஸ்பேருக்கு இல்லை. கையில் உள்ள பணம் முழுவதையும் வண்டிக்கே கொடுத்துவிடாதீர்கள். நாலில் ஒரு பங்கைத் தனியாக எடுத்து வையுங்கள், முதல் வருடமே வேலை வரும். அப்புறம் ஆர்சி. 15 வருடம் தாண்டிய வண்டிக்கு எஃப்சி எடுத்துப் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். இறக்குமதிக் காருக்கு அந்தக் கட்டணம் 2022 ஏப்ரலிலிருந்து 40,000 ரூபாய். 20 வயது தாண்டினால் 80,000 என்று 2025இல் ஏற்றிவிட்டார்கள். உங்கள் 2007 மாடலுக்கு அந்த வயது தூரத்தில் இல்லை. இதைச் சொல்லியே விலையைக் குறைத்துக் கேளுங்கள்.

கொளத்தூரிலிருந்து: சார், ஐஎம்எஸ் பேரிங் போனால் எஞ்சினே காலி என்கிறார்களே, உண்மையா?

உண்மைதான், ஆனால் எல்லா வண்டிக்கும் ஒரே அளவு பயம் வேண்டாம். கிராங்க் ஷாஃப்டிலிருந்து செயின் வழியாகச் சுற்றி, கேம் ஷாஃப்டுகளை ஓட்டுகிற நடு ஷாஃப்ட் (இன்டர்மீடியட் ஷாஃப்ட், சுருக்கமாக ஐஎம்எஸ்) ஒன்று இருக்கிறது. அதன் ஒரு முனையைத் தாங்குவதுதான் அந்த பேரிங். உள்ளே கிரீஸ் அடைத்து மூடியது. நாளாக ஆக மூடி தளர்ந்து, கிரீஸ் கரைந்து, பேரிங் தேயும். உடைந்தால் ஷாஃப்ட் ஆட்டம் காணும், செயின் நழுவும், வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும். அதோடு கதை முடிந்தது.

1996இல் வந்த முதல் தலைமுறையில்தான் இந்தத் தொல்லை அதிகம். 2006 முதல் 2008 வரையான எஞ்சின்களில் பெரிய பேரிங் போட்டார்கள். பழுது குறைவு, ஆனால் மாற்ற வேண்டுமென்றால் எஞ்சினையே பிரிக்க வேண்டும். 2009 மாடலிலிருந்து அந்த ஷாஃப்டே கிடையாது. பணம் எட்டினால் 2009க்குப் பிந்தையதைப் பாருங்கள்.

என்னுடையது 2008. வருடம் ஒருமுறை, கிலோமீட்டர் ஆனாலும் ஆகாவிட்டாலும், ஆயில் மாற்றுகிறேன். சுமார் 8 லிட்டர் பிடிக்கும். பழைய ஃபில்டரை அறுத்து, மடிப்பு மடிப்பாக வெள்ளைத் துணியில் விரித்து, பளபளக்கும் துகள் இருக்கிறதா என்று பார்ப்பேன். ஞாயிற்றுக்கிழமை மட்டும் எடுத்து, பீச் ரோடு வரை போய் எஞ்சின் சூடேறுவதற்குள் திரும்புகிற பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். ஆயிலில் ஈரம் தங்கிவிடும். அரை மணி நேரமாவது ஓட வேண்டும்.

திருவொற்றியூரிலிருந்து: வீடு கடலிலிருந்து இரண்டு தெரு. உப்புக்காற்று என்ன செய்யும்?

பாடியை விட ரேடியேட்டரைத்தான் முதலில் தின்னும். இந்த வண்டியில் எஞ்சின் நடுவில் இருந்தாலும் ரேடியேட்டர்கள் முன் பம்பரின் இரண்டு மூலையிலும் இருக்கின்றன, அவற்றுக்கு முன்னால் ஏசி கண்டென்சர். இடைச்சந்தில் சருகும் பிளாஸ்டிக் கவரும், எண்ணூர் சாலையில் கண்டெய்னர் லாரி கிளப்புகிற மண்ணும் போய் உட்காரும். அதன் மேல் உப்பு ஈரம் படிந்தால் அலுமினியத் தகடு பொரிப்பொரியாக உதிரும். எனக்கு ஏசியில் கேஸ் நிற்கவில்லை என்று ஒரு மெக்கானிக் மூன்று முறை கேஸ் மட்டும் அடித்து அனுப்பினார். நாலாவது முறை நானே பம்பரைக் கழற்றினேன். ஒரு முறம் குப்பை! கண்டென்சரில் ஓட்டை. வருடத்துக்கு ஒருமுறை பம்பரைக் கழற்றிச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள். வாங்கும்போதும் டார்ச் அடித்து அந்தச் சந்தைப் பாருங்கள்.

வியாசர்பாடியிலிருந்து: மழைக்காலத்தில் எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

கணேசபுரம் சுரங்கப்பாதையில் தண்ணீர் நிற்கிறது என்றால் வண்டியை எடுக்கவே மாட்டேன். தண்ணீரில் நின்றுபோனால் மறுபடி ஸ்டார்ட் செய்யாதீர்கள், தள்ளுங்கள். சிலிண்டருக்குள் போன தண்ணீரை பிஸ்டனால் நசுக்க முடியாது, கனெக்டிங் ராடு வளைந்துவிடும். பலருக்குத் தெரியாதது, வெறும் மழையிலேயே ஆபத்து இருக்கிறது. துணிக்கூரையிலிருந்து தண்ணீர் வடிய ஓட்டைகள் உண்டு. வேப்பமரத்தடியில் நிறுத்தினால் பூவும் இலையும் அதை அடைத்துவிடும், தண்ணீர் சீட்டுக்கு அடியில் இறங்கும். சீட்டை முன்னே தள்ளி, கார்ப்பெட்டை அழுத்திப் பாருங்கள். ஈரமோ பூஞ்சை வாடையோ இருந்தால் வேறு வண்டி தேடலாம்.

பெரம்பூரிலிருந்து: டயர் பட்டன் அப்படியே இருக்கு, புதுசு மாதிரி. மாத்தணுமா?

பக்கவாட்டில் நாலு இலக்கம் இருக்கும். 1416 என்றால் 2016ஆம் வருடம் 14ஆம் வாரம். பட்டன் இருந்தாலும் ரப்பர் செத்திருக்கும். மாற்றுங்கள்.

எண்ணூரிலிருந்து: ரெண்டு மாசம் ஊரில் இல்லை. பேட்டரி செத்துப்போச்சு. பேட்டரி முன் டிக்கியில், அந்த டிக்கி கரண்டில்தான் திறக்குமாம்! என்ன செய்ய?

சிரிக்காமல் பதில் சொல்ல முயற்சிக்கிறேன், எனக்கும் நடந்ததுதான். காலருகே இருக்கிற ஃப்யூஸ் பெட்டியைத் திறந்தால் வெளியே இழுக்கிற மாதிரி ஒரு பாசிட்டிவ் முனை இருக்கும். வேறொரு பேட்டரியின் பாசிட்டிவை அதில் கொடுங்கள், நெகட்டிவைக் கதவுப் பூட்டின் இரும்பில் மாட்டுங்கள். பொத்தானை அழுத்தினால் டிக்கி திறக்கும். அலாரம் கத்தும், பக்கத்து வீட்டுக்காரரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.