உட்காரும் நாற்காலி சிற்பம் ஆகுமா?

உட்காரப் பயன்படும் நாற்காலியைச் சிற்பம் என்று எப்படிச் சொல்வது என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாகச் சொல்லலாம். அமெரிக்கச் சிற்பி வெண்டல் காஸில் (1932–2018) செய்தவற்றைப் பாருங்கள்.

தச்சர் கால், சட்டம், பலகை என்று தனித்தனியாக அறுத்து, கழுந்தும் துளையுமாகப் பொருத்துவார். இவரோ 1960களில் பலகைகளை ஏறக்குறைய வேண்டிய வடிவத்துக்கு வெட்டி, ஒன்றன்மேல் ஒன்றாகப் பசை போட்டு இறுக்கி, காய்ந்த பிறகு அந்தக் குவியலைச் சங்கிலி ரம்பத்தாலும் உளியாலும் கல்லைச் செதுக்குவதுபோலச் செதுக்கினார். ஒரே பெரிய மரத்துண்டு என்றால் காயக் காய வெடிக்கும், செதுக்கித் தள்ளுவதும் அதிகம். பலகையில் அந்தத் தொல்லை குறைவு. வளைவுகளில் பலகைகள் சேரும் கோடுகள் நிலப்படத்து உயரக்கோடுகள் மாதிரி வரிவரியாக ஓடும். எனக்கு அதுதான் பெரிய அழகு.

அப்புறம், 1985இல் செய்த பேய்க் கடிகாரம். வெள்ளைத் துணி போர்த்திக் கயிறு கட்டிய ஆளுயரக் கடிகாரம் என்றுதான் நினைப்போம். கிட்டே போனால் துணியின் ஒவ்வொரு மடிப்பும் மஹாகனி மரம், வெளுத்து வெள்ளையாக்கியது! அது மணி காட்டாது, வெறும் சிற்பம். ஆனால் அவருடைய நாற்காலிகளில் தாராளமாக உட்காரலாம்.