வயல் ரோபோக்கள்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கே: ஒரே வயலில் மேகமூட்டமான நாளில் ரோபோவின் கேமரா எடுத்த என்.டி.வி.ஐ. (பயிரின் பசுமையைக் காட்டும் எண்) அளவும் மறுநாள் வெயிலில் எடுத்த அளவும் ஒத்துப்போகவில்லை. கேமரா பழுதா?

ப: ரோபோவை ஓட்டுவதற்கு முன் அளவீட்டுப் பலகையை (எவ்வளவு ஒளியைத் திருப்பும் என்று முன்பே தெரிந்த பலகை; அன்றைய வெளிச்சத்துக்கு ஏற்ப எண்ணைச் சரிசெய்ய உதவும்) படமெடுத்தீர்களா என்று நீங்கள் எழுதவில்லை, எடுக்கவில்லை என்றே கொள்கிறேன். பலகைப் படம் இல்லாத நாளின் எண்ணை இன்னொரு நாளின் எண்ணோடு ஒப்பிடவே கூடாது.

கே: மக்காச்சோளம் ஆளுயரம் வளர்ந்ததும் ரோபோ வரிசை தவறிப் பயிரை மிதிக்கிறது. ஆர்.டி.கே. (செயற்கைக்கோள் சிக்னலைத் திருத்தி இடத்தைத் துல்லியமாகக் காட்டும் கருவி) பொருத்தியும் பயனில்லையே?

ப: ஆர்.டி.கே. ஏறத்தாழ 2 செ.மீ. துல்லியம் தருவது திறந்த வானத்தின் கீழ்தான். இலைகள் கவிந்த பிறகு செயற்கைக்கோள் சிக்னல் தடைபடும். அங்கே லைடார் (லேசர் ஒளியால் தூரம் அளக்கும் கருவி) தண்டுகளை அளந்து வழிகாட்ட வேண்டும். அதன் முகப்பில் மகரந்தமும் தூசும் அப்பிக்கொள்ளும் என்பதால் ஒவ்வொரு முறையும் துடைத்துவிட்டு ஓட்டுங்கள்.

கே: ட்ரோன் இருக்கும்போது தரையில் ஓடும் ரோபோ எதற்கு?

ப: வெள்ளை ஈயும் சிலந்திப்பேனும் பெரும்பாலும் இலையின் அடிப்பக்கத்தில்தான் இருக்கின்றன; மேலே பறக்கும் ட்ரோனுக்கு அது தெரியாது.

கே: இலைநோய்களை 99 சதவீதம் சரியாகக் கண்டறியும் என்று விற்பவர் சொல்கிறார். நம்பலாமா?

ப: எந்தப் படங்களில் 99 என்று அவரிடம் கேட்டீர்களா? இந்த எண்ணைக் கேட்டுக் கேட்டு எனக்குச் சலித்துவிட்டது. 2016இல் வெளியான ஓர் ஆய்வில், 14 பயிர்களின் சுமார் 54 ஆயிரம் இலைப் படங்களைக் கொண்ட ‘பிளான்ட்வில்லேஜ்’ தொகுப்பில் பயிற்சி பெற்ற கணினி மாதிரி, அதே தொகுப்பிலிருந்து ஒதுக்கி வைத்த படங்களில் 99 சதவீதத்துக்கும் மேல் சரியாகச் சொன்னது. வேறு சூழலில் எடுத்த படங்களைக் கொடுத்தபோதோ சுமார் 31 சதவீதத்துக்கு இறங்கியது. ஆய்வாளர்கள் இதை மறைக்காமல் எழுதினார்கள்; விற்பவர்கள்தாம் முதல் எண்ணை மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள். பறித்த இலையைச் சீரான பின்னணியில் வைத்து எடுத்த படம் வேறு; காற்றில் ஆடும், பாதி நிழல் விழுந்த, சேறு தெறித்த, ஒன்றன்மேல் ஒன்று படிந்த இலைகளை ஓடும் ரோபோ எடுக்கும் படம் வேறு. உங்கள் பயிரில், உங்கள் வெளிச்சத்தில் நூறு செடிகளை நீங்களே பார்த்துக் குறித்துக்கொண்டு, அவற்றின் மீது கருவியை ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். நோயுள்ள செடிகளில் எத்தனையை அது தவறவிட்டது, நல்ல செடிகளில் எத்தனைக்கு நோய் என்றது என இரண்டையும் தனித்தனியே எண்ணுங்கள். நூற்றில் ஐந்து செடிகளுக்கே நோய் இருக்கும் வயலில், எல்லாமே நலம் என்று சொல்லும் கருவிக்கும் 95 சதவீதத் துல்லியம் வந்துவிடும்.

கே: பயிர் மஞ்சளாகிறது என்று ரோபோ காட்டுகிறது. என்ன உரம் போடலாம்?

ப: என்ன பயிர், எத்தனை நாள் பயிர், எந்த இலை மஞ்சள் என்று எதுவுமே எழுதாமல் உரம் கேட்கிறீர்கள். அடியிலைகள் முதலில் மஞ்சளானால் தழைச்சத்துக் குறைவையும், இளம் இலைகள் வெளுத்தால் இரும்பு அல்லது கந்தகக் குறைவையும் சந்தேகிக்கலாம். நீர் தேங்கி வேருக்குக் காற்று கிடைக்காவிட்டாலும் மஞ்சள்தான். எங்கே போய்ப் பார்க்க வேண்டும் என்பதை ரோபோ சொல்லிவிட்டது. அங்கே போய் இலையைத் திருப்பிப் பாருங்கள், செடியைப் பிடுங்கி வேரையும் பாருங்கள். பிறகு எழுதுங்கள், பலகைப் படத்தோடு.