பெண்ணுறுப்பில் எரிச்சல், வெளுத்த தோல்: சிங்கப்பூரில் யாரிடம் காட்டுவது?

நீங்கள் கேட்டிருப்பது: மாதக்கணக்கில் கீழே எரிச்சலும் வலியும், தோலும் வெளுத்திருக்கிறது, யாரிடம் போவது, சொல்லவே கூச்சமாக இருக்கிறது.

எனக்கு இது 53 வயதில் வந்தது. மாதவிடாய் நின்று இரண்டு வருடம் ஆகியிருந்தது. முதலில் அரிப்புதான், ராத்திரியில் அதிகம். ஊரில் இருக்கும் அக்காவிடம் போனில் சொன்னேன். "உடம்புச் சூடு, வெந்தயம் ஊறவைத்துக் குடி" என்றார். குடித்தேன். அப்புறம் சிறுநீர் பட்டாலே, வெட்டுக்காயத்தில் உப்புத் தண்ணீர் பட்ட மாதிரி எரிந்தது.

புளோக்குக்குக் கீழே இருக்கும் கிளினிக்கில் "கீழே அரிக்குது" என்று மட்டும் சொன்னேன். பூஞ்சைத் தொற்று என்று கிரீம் கொடுத்தார்கள். திரும்பப் போனபோதும் அதே கிரீம். மூன்று தடவை போயும் அவர்கள் பார்க்கவில்லை, பாருங்கள் என்று நானும் கேட்கவில்லை. எட்டு மாதம் போய்விட்டது. உங்களிடம் நான் கெஞ்சிக் கேட்பது இது ஒன்றுதான்: அந்த இடத்தைப் பார்க்காமல் கொடுக்கும் மருந்தோடு திரும்பி வந்துவிடாதீர்கள். "தோல் வெளுத்திருக்கு டாக்டர், கொஞ்சம் பாருங்க" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள்.

பலதுறை மருந்தகத்துக்கு (பாலிகிளினிக்) போனேன். பதிவு செய்யும்போதே பெண் மருத்துவர் வேண்டும் என்று கேட்டேன், கிடைத்தார். படுக்க வைத்து விளக்குப் போட்டுப் பார்த்தவர், கேகே மகளிர், சிறார் மருத்துவமனைக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தார். அந்தக் கடிதத்தோடு போனால்தான் மானியக் கட்டணம். நேராக நீங்களே நிபுணரிடம் பதிவு செய்தால் தனியார் நோயாளிக் கட்டணம் ஆகிவிடும். காத்திருக்க வேண்டிவந்தாலும் கடிதம் வாங்கிக்கொள்வது நல்லது. மண்டலே ரோட்டில் இருக்கும் தேசிய தோல் மருத்துவ நிலையத்துக்கும் இப்படியே கடிதம் கேட்கலாம்.

கேகேயில் மரத்துப்போக ஊசி போட்டு, மிளகு அளவு தோலை எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். பக்கத்தில் நின்ற தாதி நம் பெண். "வெட்கப்படாதீங்க ஆன்ட்டி, கையைப் பிடிச்சுக்குங்க" என்றாள். அந்தப் பிள்ளையை நான் மறக்கவே மாட்டேன்.

லைக்கன் ஸ்கிளிரோசஸ் என்ற தோல் நோய் என்று முடிவு வந்தது. தோல் மெலிந்து, வெளுத்து, காகிதம் மாதிரி சுருங்கும். எளிதில் கிழியும். விட்டுவிட்டால் உள் இதழ்கள் ஒட்டிப்போய் வாசலே குறுகிவிடும். மாதவிடாய் நின்றவர்களுக்கு அதிகம், சின்னப் பெண் பிள்ளைகளுக்கும் வரும். ஒட்டுவாரொட்டி இல்லை, வெண்குஷ்டமும் இல்லை, சுத்தக் குறைவாலும் வருவதில்லை. உடம்பின் எதிர்ப்புச் சக்தியே தன் தோலைத் தாக்குவதுதான் காரணமாக இருக்கலாம் என்றார் டாக்டர். அதனால் தைராய்டுக்கும் ரத்தம் எடுத்துப் பார்த்தார். புற்றுநோயாக மாறும் வாய்ப்பு 5 சதவீதத்துக்கும் கீழே. ஆனாலும் ஆறாத புண்ணோ தடிப்போ வந்தால் உடனே காட்டச் சொன்னார்.

உங்களுக்கும் இதேதான் என்று நான் சொல்லவில்லை. வெளுப்புக்கு வேறு காரணங்களும் உண்டு. கண்ணுக்கு ஒன்றும் தெரியாமல் மூன்று மாதத்துக்கு மேல் வலி மட்டும் இருக்கும் வல்வோடினியா என்பதும் உண்டு. அதற்கு இடுப்புத்தள தசைகளுக்கான பிசியோதெரபி முதலான சிகிச்சைகள் இருக்கின்றன. அதனால் என் மருந்தின் பெயரைப் பார்த்து நீங்களாகப் போட்டுவிடாதீர்கள், தொற்றாக இருந்தால் மோசமாகும்.

எனக்குக் கொடுத்தது குளோபெட்டசால் 0.05% என்ற வீரியமான ஸ்டீராய்டு களிம்பு. முதல் மாதம் தினமும் இரவில், அடுத்த மாதம் ஒருநாள் விட்டு ஒருநாள், மூன்றாம் மாதம் வாரம் இரண்டு முறை. சோப்பை விட்டுவிட்டு வாசனை இல்லாத ஈரப்பசைக் களிம்பால் கழுவுகிறேன், பருத்தி உள்ளாடைதான் போடுகிறேன். களிம்புப் பெட்டிக்குள் இருந்த தாளில் அந்தரங்க இடத்தில் போடக்கூடாது என்று இருந்ததைப் பார்த்துப் பயந்து இரண்டு நாள் நிறுத்திவிட்டேன். போன் செய்து கேட்டதற்கு, இந்த நோய்க்கு அங்கேதான் போட வேண்டும், 30 கிராம் டியூப் மூன்று மாதம் வரும் அளவுக்குக் கொஞ்சமாகப் போடுங்கள் என்றார்கள். மூன்றாவது வாரம் ராத்திரி முழுக்கத் தூங்கினேன்.