பதினொரு வருட ஜெயில் வேலைக்குக் கல்லூரி கிரெடிட் கிடைக்குமா?

நியூ ஜெர்சியிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார்: "கவுண்டி ஜெயில் ஒன்றில் 11 வருடமாக கரெக்‌ஷன்ஸ் ஆபீஸராக இருக்கிறேன். இனி மேலே போக டிகிரி வேண்டும் என்கிறார்கள். என் அனுபவத்தைக் காட்டியே 60 கிரெடிட் வாங்கித் தருவதாக ஒருவர் 2,400 டாலர் கேட்கிறார். கொடுக்கலாமா? இதற்கு முன் 4 வருடம் அமெரிக்க ராணுவத்தில் இருந்தேன்."

கொடுக்க வேண்டாம். ஏற்கெனவே கார்டில் முன்பணம் கட்டியிருந்தால் இன்றைக்கே கார்டு கம்பெனிக்குப் போன் செய்து ஆட்சேபம் பதிவு செய்யுங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

கிரெடிட், அதாவது பட்டத்துக்குக் கணக்கில் சேரும் பாட அலகு, கொடுக்கும் அதிகாரம் கல்லூரிக்கு மட்டும்தான் உண்டு, இடையில் நிற்கும் யாருக்கும் இல்லை. இளநிலைப் பட்டத்துக்கு 120 கிரெடிட் வேண்டும். அதில் சரிபாதியை உங்கள் பயோடேட்டாவை மட்டும் பார்த்து எழுதித் தர, ஒழுங்கான எந்தக் கல்லூரியும் முன்வராது. "அனுபவத்துக்கே டிகிரி" என்று விற்பவர்களின் கதை பழையது. வாஷிங்டன் மாநிலம் ஸ்போகேனில் செயின்ட் ரீஜிஸ் என்ற பெயரில் பட்டம் விற்ற கும்பலுக்கு 2008-ல் தண்டனை கிடைத்தது. வாங்கியவர்களின் பெயர்ப் பட்டியலை உள்ளூர் நாளிதழ் வெளியிட்டது. அரசு ஊழியர்களும் அதில் இருந்தார்கள். 2015-ல் கராச்சியின் ஆக்ஸாக்ட் நிறுவனம் அம்பலமானது. போனில் பேசி மயக்குவதற்கென்றே அங்கே ஆள் வைத்திருந்தார்கள்.

"நாங்கள் அங்கீகாரம் பெற்றவர்கள்" என்று உங்களிடம் பணம் கேட்பவர் சொன்னால் அதை அப்படியே நம்பிவிடாதீர்கள். போலிக் கல்லூரி நடத்துபவர்கள் அங்கீகாரம் கொடுக்கும் அமைப்பையும் தாங்களே போலியாக உருவாக்கிக்கொள்கிறார்கள். அமெரிக்கக் கல்வித் துறையின் இணையதளத்தில் அங்கீகாரம் பெற்ற கல்லூரிகளைப் பெயர் போட்டுத் தேடலாம். அங்கே பெயர் இல்லையென்றால் அதோடு விட்டுவிடுங்கள். போலிப் பட்டத்தைப் பயன்படுத்துவதே நியூ ஜெர்சியில் சட்டவிரோதம். சீருடை போட்ட உங்களுக்கு அது வேலைக்கே உலை வைக்கும்.

சரி, நேர்வழி என்ன? வருடங்களுக்குக் கிரெடிட் கிடையாது. அந்த வருடங்களில் நீங்கள் கற்றதை நிரூபித்தால்தான் கிடைக்கும். அதற்கான தொகுப்பைத்தான் போர்ட்ஃபோலியோ என்கிறார்கள். உங்கள் மாநிலத்திலேயே டிரென்டனில் தாமஸ் எடிசன் ஸ்டேட் யூனிவர்சிட்டி இருக்கிறது. வேலை பார்க்கும் பெரியவர்களுக்காகவே 1972-ல் தொடங்கியது. அங்கே இந்த வழி உண்டு.

தற்கொலைக் கண்காணிப்பை எடுத்துக்கொள்வோம். "பல வருடம் அந்தப் பணி பார்த்தேன்" என்று எழுதினால் ஒன்றும் கிடைக்காது. 15 நிமிடத்துக்குள் ஒரு முறை போய்ப் பார்க்க வேண்டும், ஆனால் ஒரே இடைவெளியில் போகக் கூடாது, ஏன்? கைதி நேரத்தைக் கணித்துவிடுவார். உள்ளே வந்த முதல் சில நாட்கள் ஏன் அதிக ஆபத்தானவை? கைதியின் மருத்துவத் தேவையைத் தெரிந்தும் அலட்சியம் செய்வது அரசமைப்புக்கு எதிரானது என்று எஸ்டெல் - கேம்பிள் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1976-ல் சொன்னதற்கும் உங்கள் ரவுண்ட்ஸ் ஏட்டுக்கும் என்ன தொடர்பு? இப்படி எழுதினால், பேராசிரியர் அதைத் தன் பாடத்தின் நோக்கங்களோடு பொருத்திப் பார்த்து மதிப்பிட முடியும். உங்களுக்கு இதெல்லாம் தெரியும், காகிதத்தில் வந்ததில்லை, அவ்வளவுதான்.

ஒரு எச்சரிக்கை. ஒருவர் என்னிடம் காட்டிய தொகுப்பில் உண்மையான சம்பவ அறிக்கையின் நகலே இருந்தது. கைதியின் பெயர், எண், காயத்தின் படம், எல்லாமே. அதை அனுப்பியிருந்தால் கிரெடிட் போகட்டும், வேலையே போயிருக்கும். கைதியை அடையாளம் காட்டும் எதையும் சேர்க்காதீர்கள். பயிற்சிப் பதிவேடும் மேலதிகாரியின் கடிதமும் போதும்.

போர்ட்ஃபோலியோவைவிடச் சீக்கிரம் முடிவது தேர்வு. வகுப்பில் உட்காராமலே தேர்வெழுதிக் கிரெடிட் வாங்க டி.எஸ்.எஸ்.டி. (DSST), க்ளெப் (CLEP) என்று இரண்டு தேர்வுத் திட்டங்கள் உண்டு. டி.எஸ்.எஸ்.டி.யில் குற்றவியல் நீதி பற்றியே ஒரு தேர்வு இருக்கிறது. க்ளெப்பில் உளவியல் அறிமுகமும் சமூகவியல் அறிமுகமும் உண்டு. ஒவ்வொன்றும் பெரும்பாலும் 3 கிரெடிட், கட்டணம் சுமார் 100 டாலர். ஏஜென்ட் கேட்கும் பணத்தில் இருபதுக்கு மேல் எழுதலாம்.

கடிதத்தின் கடைசி வரியில் போகிற போக்கில் ராணுவத்தைச் சொல்லியிருக்கிறீர்கள். உங்கள் கையில் இருக்கும் பெரிய சொத்து அதுதான். ஜெயில் அனுபவத்தை நீங்கள்தான் நிரூபிக்க வேண்டும். ராணுவப் பயிற்சியை அமெரிக்கக் கல்விக் கவுன்சில் ஏற்கெனவே மதிப்பிட்டு, எதற்கு எத்தனை கிரெடிட் தரலாம் என்று பரிந்துரை எழுதி வைத்திருக்கிறது. அது ஜாயின்ட் சர்வீசஸ் டிரான்ஸ்க்ரிப்ட் என்ற ஆவணத்தில் வரும். இலவசம். நேரடியாகக் கல்லூரிக்கே அனுப்பச் சொல்லலாம். ராணுவச் சிறைப் பணியான 31இ (31E) பிரிவில் இருந்திருந்தால் இன்னும் நல்லது. இல்லாவிட்டாலும் அடிப்படைப் பயிற்சிக்குக்கூடப் பரிந்துரை இருக்கும். நண்பர்களுக்குச் சொல்லும்போது ஒன்றைக் கவனியுங்கள்: விமானப்படையில் இருந்தவர்களுக்கு இந்த ஆவணம் இல்லை, அவர்களுக்கு விமானப்படையின் கம்யூனிட்டி காலேஜ் டிரான்ஸ்க்ரிப்ட் தனி. இரண்டையும் குழப்பிக்கொண்டு மாதக்கணக்கில் காத்திருந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

பரிந்துரை என்றால் பரிந்துரைதான், கல்லூரி மறுக்கலாம். இதுதான் எனக்கு ஆத்திரம் வரும் இடம். ஜெயில் பணிக்குப் பயிற்சி தரும் அகாடமியின் ஒரே சான்றிதழை ஒரு கல்லூரி ஏற்கும், பக்கத்து ஊர்க் கல்லூரி திருப்பி அனுப்பும். இரண்டுக்கும் அங்கீகாரம் கொடுத்தது ஒரே அமைப்புதான். தெரிந்த பாடத்தையே மறுபடி வகுப்பில் உட்கார்ந்து படித்தால் பெல் கிராண்ட் என்ற அரசு உதவித்தொகை கிடைக்கலாம். தெரியும் என்று நிரூபிக்கும் கட்டணத்துக்குப் பொதுவாக அந்தப் பணத்தைத் தொட முடியாது. இரவு ஷிஃப்ட் முடித்துவிட்டு வந்து படிக்கும் மனிதரை இப்படி அலைக்கழிப்பது நியாயமே இல்லை.

அதனால் சேருவதற்கு முன்பே கல்லூரிக்கு மின்னஞ்சல் அனுப்பி மூன்று கேள்விகளுக்குப் பதில் வாங்குங்கள். முன்கற்றலுக்கு, அதாவது கல்லூரிக்கு வெளியே ஏற்கெனவே கற்றதற்கு, அதிகபட்சம் எத்தனை கிரெடிட் தருவீர்கள்? அது முதன்மைப் பாடத்தில் சேருமா, விருப்பப் பாடத்தில் மட்டுமா? உங்களிடமே படிக்க வேண்டியது எத்தனை? போனில் சொன்ன பதிலை நம்பி இறங்க வேண்டாம், எழுத்தில் வரட்டும். கூடவே உங்கள் அகாடமியில் சான்றிதழோடு நிறுத்தாமல், எந்தப் பாடத்துக்கு எத்தனை மணி நேரம் என்று காட்டும் பாடத்திட்ட நகலையும் கேட்டு வாங்குங்கள். மதிப்பிடுபவர் முதலில் கேட்பது அதைத்தான்.