'சாவரின் ஆஃப் தி சீஸ்' கப்பல் எப்படி அழிந்தது?

ஒரு மெழுகுவர்த்தியால். 1697 ஜனவரியில் இங்கிலாந்தின் சாத்தம் கடற்படைத் துறையில் பழுதுபார்க்க நின்றிருந்தபோது, யாரோ அணைக்காமல் விட்ட மெழுகுவர்த்தியிலிருந்து தீப் பிடித்து நீர்மட்டம் வரை எரிந்துபோனது.

இது 'முதல் தரக் கப்பல்', அதாவது மூன்று தளங்களில் சுமார் 100 பீரங்கிகள் ஏந்தும் மிகப் பெரிய வகைப் போர்க்கப்பல். முதலாம் சார்லஸ் மன்னர் 1637-இல் கட்டிய இதற்கு ஆன செலவு 65,000 பவுண்டுக்கும் மேல். பொன்முலாம் பூசிய சிற்பங்கள் வேறு! கடற்படைக்காக அவர் போட்ட 'கப்பல் வரி' மக்களைக் கொதிக்க வைத்தது. டச்சுக்காரர்களுடன் நடந்த போர்களில் பலமுறை மோதியும் கப்பல் தப்பியது.

சரி, தண்ணீரில் மிதப்பது எப்படி எரியும்? கப்பலின் வெளிப்புறம்தான் நனையும். உள்ளே எல்லாம் உலர்ந்த மரம். இடுக்குகளை அடைத்தது தார் தோய்த்த நார், கயிறுகளிலும் தார். எண்ணெயில் ஊறிய விளக்குத் திரியை நினைத்துக்கொள்ளுங்கள். ஏறக்குறைய 60 ஆண்டு உழைத்த கப்பல் இப்படிப் போனது மனதை உறுத்துகிறது.

இதே பகுதியில் 1667-இல் டச்சுக்காரர்கள் கப்பல்களை எரித்ததோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். இந்தக் கப்பலை எரித்தது எதிரி அல்ல.