குடும்ப வன்முறை வழக்கு (டி.வி. கேஸ்) நோட்டீஸ் வந்திருக்கிறது: ‘எல்லாம் பொய்’ என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்

கேள்வி: எனக்கு 36 வயது. திருச்சியில் தனியார் நிறுவனத்தில் வேலை. பிடித்தம் போக 58,000 ரூபாய் சம்பளம். மனைவி நான்கு மாதமாக மகளுடன் கரூரில் தாய் வீட்டில் இருக்கிறார். இப்போது கரூர் மாஜிஸ்திரேட் கோர்ட்டிலிருந்து குடும்ப வன்முறைச் சட்டப்படி நோட்டீஸ் வந்திருக்கிறது. என்னோடு, 64 வயதாகும் என் அம்மாவையும் சென்னையில் குடும்பத்துடன் இருக்கும் அக்காவையும் சேர்த்திருக்கிறார். தினமும் அடித்தேன், 40 பவுனைப் பிடுங்கிக்கொண்டோம் என்று மனுவில் இருக்கிறது. கோபத்தில் ஒரே ஒருமுறை கை நீட்டியது உண்மை; மற்றதெல்லாம் பொய். நகையில் 12 பவுனை இருவரும் பேசித்தான் அடகு வைத்தோம். மீதி லாக்கரில் இருக்கிறது. வீடு அம்மா பெயரில் உள்ளது. மகளிர் காவல் நிலையத்திலும் கூப்பிடுகிறார்கள். கைது செய்வார்களா? வேலையை விட்டுவிட்டால் ஜீவனாம்சம் தரவேண்டாம் என்று நண்பர்கள் சொல்கிறார்களே, அது சரியா?

பதில்: நண்பர்கள் சொன்னதை முதலில் தள்ளி வையுங்கள். உடல் வலுவுள்ள கணவன் கூலி வேலை செய்தாவது மனைவி மக்களைக் காப்பாற்ற வேண்டும் என்று அஞ்சு கார்க் வழக்கில் (2022) உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. நோட்டீஸ் வந்த பிறகு ராஜினாமா செய்தால், சம்பளம் போனதோடு நீதிபதியின் நம்பிக்கையும் போகும். அது வேலையை விடப் பெரிய இழப்பு.

உங்கள் மீது இருப்பது இரண்டு தனித்தனி விஷயங்கள். 2005ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைச் சட்டத்தின் 12ஆவது பிரிவில் போட்ட மனு அடிப்படையில் உரிமையியல் நிவாரணம் கேட்பது: பாதுகாப்பு, குடியிருப்பு, பணம், குழந்தை. அந்த மனுவுக்காக யாரும் உங்களைக் கைது செய்ய முடியாது. மாஜிஸ்திரேட் கோர்ட் என்பதால் ஜாமீன் எடுக்கவேண்டும் என்று பலர் பதறுகிறார்கள், தேவையில்லை. வழக்கறிஞர் வக்காலத்து போட்டு ஆஜரானால் போதும். எதிர்மனுதாரர்கள் வாய்தாவுக்கு வாய்தா நேரில் வரவேண்டும் என்று வற்புறுத்தக்கூடாது என்பதைச் சென்னை உயர் நீதிமன்றம் 2021இலேயே தெளிவாக்கியிருக்கிறது. ஆனால் நோட்டீஸை வாங்காமல் ஒளிவதோ, வாய்தாவைத் தவறவிடுவதோ கூடாது. 23ஆவது பிரிவில் உங்களைக் கேட்காமலே ஒருதலைப்பட்சமாக இடைக்கால உத்தரவு போட அதிகாரம் உண்டு.

மகளிர் காவல் நிலையம் வேறு கதை. அங்கே புகாருக்கு சி.எஸ்.ஆர். (புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான ரசீது) மட்டும் போட்டிருக்கிறார்களா, எஃப்.ஐ.ஆர். (முதல் தகவல் அறிக்கை) ஆகிவிட்டதா என்று வழக்கறிஞர் மூலம் முதலில் தெரிந்துகொள்ளுங்கள். எஃப்.ஐ.ஆர். ஆனால் கணவனும் அவன் உறவினர்களும் மனைவியைக் கொடுமைப்படுத்துவது பற்றிய பழைய தண்டனைச் சட்டத்தின் 498ஏ, அதாவது இப்போதைய பாரதிய நியாய சன்ஹிதாவின் 85ஆவது பிரிவு வரும். மூன்று ஆண்டு வரை தண்டனை உள்ள, ஜாமீன் உரிமையாகக் கிடைக்காத குற்றம் அது. ஆனாலும் எடுத்த எடுப்பில் கைது செய்யக்கூடாது, கைது ஏன் தேவை என்று போலீஸ் காரணம் எழுதவேண்டும் என்று அர்னேஷ் குமார் தீர்ப்பு (2014) சொல்கிறது. அதற்குப் பதிலாக ஆஜராகச் சொல்லி நோட்டீஸ் கொடுக்கலாம். கொடுத்தால் போய் நில்லுங்கள். நோட்டீஸுக்குப் போகாமல் இருப்பதுதான் கைதுக்கு நீங்களே எடுத்துக் கொடுக்கும் காரணம். எஃப்.ஐ.ஆர். போட்டிருந்தாலோ, போடுவார்கள் என்ற நியாயமான பயம் இருந்தாலோ முன்ஜாமீன் மனு போடலாம். ஸ்டேஷனில் வைத்து எதையும் எழுதிக் கொடுக்காதீர்கள்.

இனி, உங்கள் கடிதத்தில் நீங்கள் போகிறபோக்கில் எழுதிய வரிக்கு வருகிறேன். ‘ஒரே ஒருமுறை கை நீட்டினேன்.’ குடும்ப வன்முறைச் சட்டத்துக்கு அந்த ஒன்று போதும். அதன் 3ஆவது பிரிவில் எத்தனை முறை என்ற கணக்கே கிடையாது. உடல், சொல், பணம் என எந்த வகைத் துன்புறுத்தலும் அதில் அடங்கும். எனவே ‘அற்பமான சம்பவம்’ என்று வாதாடச் சொல்லும் வழக்கறிஞரிடம் போகாதீர்கள். அதேபோல் ‘மனுவில் கண்ட எல்லாம் பொய்’ என்று ஒட்டுமொத்தமாக மறுக்கும் எதிருரையிலும் (மனுவுக்கு நீங்கள் தாக்கல் செய்யும் பதில்) கையெழுத்துப் போடாதீர்கள். தெரிந்தே பொய்யைச் சத்தியம் செய்து சொல்வது தனிக் குற்றம். அது போக, அந்த நாளின் வாட்ஸ்அப் செய்தியோ மருத்துவச் சீட்டோ மனைவியிடம் இருந்தால், குறுக்கு விசாரணையில் அந்த ஒரு பொய் உடைந்து, நீங்கள் சொன்ன மற்ற உண்மைகளும் கூடவே சாயும்.

அதற்காக எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டு எழுதுங்கள் என்றும் சொல்லவில்லை. எதிருரையில் ஒப்புக்கொண்டது நாளை குற்ற வழக்கில் உங்களுக்கு எதிராகவே வரலாம். தனக்கெதிராகத் தானே சாட்சி சொல்லக் கட்டாயப்படுத்தக்கூடாது என்று அரசியலமைப்பின் 20(3) தரும் பாதுகாப்பு மௌனத்துக்குத்தான், பொய்க்கு இல்லை. ஆகவே அந்தச் சம்பவத்தைப் பற்றி எதை எழுதுவது, எதைத் தொடாமல் விடுவது என்பதை எஃப்.ஐ.ஆர். நிலவரத்தைப் பார்த்துவிட்டு வழக்கறிஞருடன் உட்கார்ந்து வரிவரியாக முடிவு செய்யுங்கள். மனதார வருத்தம் தெரிவிக்க விரும்பினால் அதற்குச் சமரச மையம் நல்ல இடம். அங்கே பேசுவது ரகசியம். வழக்கில் சாட்சியமாக வராது.

மற்ற குற்றச்சாட்டுகளுக்குத் தேதிவாரியாகப் பதில் வேண்டும். அடித்ததாகச் சொல்லும் நாளில் வெளியூர் வேலையில் இருந்தீர்களா? அலுவலக வருகைப் பதிவு, ரயில் டிக்கெட், வங்கிக் கணக்கு விவரம், பள்ளிக் கட்டண ரசீது எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள். போனிலிருந்து எதையும் அழிக்காதீர்கள், உங்களுக்குச் சாதகமில்லாததையும்கூட. செய்திகளைத் தாக்கல் செய்யும்போது புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 63ஆவது பிரிவு கேட்கும், மின்னணுப் பதிவுக்கான சான்றிதழையும் சேர்க்கவேண்டும். நிறையப் பேர் வெறும் ஸ்கிரீன்ஷாட்டைப் பிரிண்ட் எடுத்துக்கொண்டு வந்து நிற்கிறார்கள்.

அக்கா விஷயம் எளிது. ஒரே வீட்டில் சேர்ந்து வாழாதவர், குறிப்பான செயல் எதுவும் அவர் மீது சொல்லப்படவில்லை என்றால், அவரை நீக்கச் சொல்லித் தனி மனு போடுங்கள். பொத்தாம் பொதுவான குற்றச்சாட்டை வைத்து உறவினர்களை இழுக்கக்கூடாது என்று கீதா மெஹ்ரோத்ரா (2012), ககஷான் கௌசர் (2022) ஆகிய 498ஏ வழக்குகளில் உச்ச நீதிமன்றம் சொன்னதை இங்கும் எடுத்து வைக்கலாம். அம்மா உங்களோடு ஒரே வீட்டில் இருப்பதால் அவ்வளவு சுலபமாக விடுபட மாட்டார்.

வீடு அம்மா பெயரில் இருப்பதும் முழுக் கவசம் இல்லை. சதீஷ் சந்தர் அஹுஜா தீர்ப்புக்குப் (2020) பிறகு, மாமனார் மாமியாருக்குச் சொந்தமான வீடும் மருமகள் குடித்தனம் செய்த ‘பகிர்ந்து வாழ்ந்த இல்லம்’ ஆகலாம். ஆனால் குடும்ப வன்முறைச் சட்டத்தின் 19ஆவது பிரிவின்படி உங்களை வெளியேறச் சொல்லலாமே தவிர, பெண் என்பதால் அம்மாவை வெளியேற்றி உத்தரவிட முடியாது. அதே வீட்டில் மூவரும் இருப்பது நடக்காத காரியம் என்றால், மாற்று வீட்டுக்கு வாடகை தருகிறேன் என்று நீங்களே முன்வாருங்கள். அதற்கும் சட்டத்தில் இடமுண்டு.

நகையில் ஒரு நாள்கூடத் தாமதிக்காதீர்கள். சீதனம் மனைவியின் தனிச் சொத்து. கஷ்டகாலத்துக்குப் பயன்படுத்தினாலும் திருப்பித் தருவது கணவனின் கடமை என்று 2024இல்கூட உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. லாக்கரில் இருப்பதைக் கோர்ட் மூலம், பட்டியல் போட்டு, எடை பார்த்து, ரசீது வாங்கிக்கொண்டு ஒப்படையுங்கள். அடகில் இருக்கும் 12 பவுனை மீட்டுத் தருகிறேன் என்று கால அவகாசம் கேளுங்கள். உங்கள் தரப்பை இதைவிடப் பலப்படுத்தும் வாதம் எதையும் எந்த வழக்கறிஞராலும் எழுதித் தர முடியாது.

ஜீவனாம்சத்துக்கு ரஜ்னேஷ் எதிர் நேஹா தீர்ப்பின்படி (2020) இரு தரப்பும் சொத்து, வருமானம், கடன் விவரங்களைப் பிரமாணப் பத்திரமாகத் தரவேண்டும். வீட்டுக் கடன், அம்மாவின் மருந்துச் செலவு எல்லாம் உண்மையான கணக்கோடு இருக்கட்டும். மனைவி சம்பாதிக்கிறார் என்றால் அது தொகையைக் குறைக்க உதவலாம். அதனாலேயே உரிமை போய்விடாது. இடைக்கால உத்தரவு அதிகம் என்று தோன்றினால் 30 நாளில் செஷன்ஸ் கோர்ட்டில் மேல்முறையீடு செய்யலாம். கட்டாமல் இருந்தால் கம்பெனிக்கே உத்தரவு போட்டுச் சம்பளத்தில் பிடிப்பார்கள்.

பாதுகாப்பு உத்தரவு வந்துவிட்டால் மட்டும் கூடுதல் கவனம். அதை மீறுவதும் ஜாமீன் உரிமையாகக் கிடைக்காத குற்றம். ஓராண்டு சிறை, 20,000 ரூபாய் அபராதம் வரை போகும். மனைவியின் சாட்சியம் ஒன்றை மட்டுமே வைத்தும் நீதிமன்றம் மீறல் நடந்ததாக முடிவு செய்யலாம். ‘சமாதானம் பேச’ என்று கரூர் வீட்டு வாசலில் போய் நிற்காதீர்கள், மாமாவையோ நண்பரையோ தூது அனுப்பாதீர்கள்.

மகளைப் பற்றி நீங்கள் எதுவும் கேட்கவில்லை. அதே சட்டத்தின் 21ஆவது பிரிவில் குழந்தையின் இடைக்காலப் பொறுப்பு பெரும்பாலும் தாயிடம்தான் போகும். குழந்தைக்குத் தீங்கில்லை என்று நீதிபதி கருதினால் தந்தை பார்க்க ஏற்பாடு செய்யலாம். எதிருரை போடும்போதே அதற்கான கோரிக்கையையும் வையுங்கள். அவளுடைய பள்ளிக் கட்டணத்தை இந்த மாதமும் உங்கள் வங்கிக் கணக்கிலிருந்தே கட்டுங்கள்.